சிம்னிக்குள் ஒரு மஞ்சள் கோடு

சூறைக்காற்று அடித்த மறுநாள்
சாமளாபுரத்துக்குப் பக்கம் ஒரு சைசிங் மில்.
டிவிஎஸ் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனேன்.
"ரெண்டு ஷீட்டு பறந்து போச்சுங்.
மத்ததெல்லாம் பத்தரமா இருக்குது"
வாசலிலேயே கணக்கை முடித்தார் பொன்னுக்குட்டி.

பறந்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை,
அது தானே சொல்லிவிடும்.
பறக்கப் பார்த்து, ஆணியைக் கொஞ்சம் நெம்பி,
ஒன்றும் நடக்காதது மாதிரி
திரும்பப் படுத்துக்கொள்கிறதே,
எனக்குச் சோறு போடுவது அதுதான்.

கதவைச் சாத்தச் சொன்னேன்.
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
பதினொரு மணி வெயில் கூரைமேல் நின்று
ஓட்டைகளை எண்ணிக் காட்டியது:
பாவு நூலில் ஏழு,
தரையில் பதினொன்று,
கஞ்சித் தொட்டியில் மிதந்தபடி ஒன்று.
சாக்பீஸால் வளைத்துக்கொண்டே போனேன்.
ஆணித்தலை அளவு, சோளத்தளவு,
ஒன்று மட்டும் தலைமயிர் நீளத்துக்கு.
கடைசி வட்டம் போடுவதற்குள்
முதல் வெளிச்சம் கோட்டைத் தாண்டியிருந்தது.
டீ கொண்டுவந்த பையனைத் திருப்பி அனுப்பினேன்.

மேலே பலகை போட்டுத்தான் நடப்பேன்.
ஷீட்டை நம்பிக் காலை வைத்தவன்
என் கூட்டாளி மாரண்ணன்.
இப்போது பெருமாநல்லூரில் பெட்டிக்கடை,
உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் கைக்கு எட்டும்.

ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே நகர்ந்தேன்.
நல்ல ஷீட்டு டங்கென்று பேசும்.
விரிந்தது மழுப்பும்,
கடனைத் திருப்பிக் கேட்டால்
ஊர்ச்சேதி விசாரிப்பவனைப் போல.

சிம்னியின் இழுவைக் கம்பி நாலில்
மூன்று விறைப்பு.
தெற்குக் கம்பி, துணி காயப்போடலாம் போல.
அடியில் செங்கல், மேலே தகரம்,
இரண்டும் சேருகிற இடம் வெளியே சுத்தமாக இருந்தது.
இறங்கி, சாம்பல் கதவைத் திறந்து,
சவரக் கண்ணாடியை உள்ளே நீட்டினேன்.
காசளவு வானம். நீலம். அடைப்பு ஏதுமில்லை.
"நாஞ்சொன்னனில்லீங்.
ராத்திரி பூரா பாய்லர் ஓடுச்சு,
காலையில ஒம்பதுக்குத்தான் நிறுத்துனோம்.
ஒண்ணும் ஆகலை" என்றார்.

கண்ணாடியைச் சற்றே சாய்த்தேன்.
வானத்துக்கு வெகு கீழே
மஞ்சளாய் ஒரு கோடு.
வெயிலின் நிறமில்லை அது.
சிம்னிக்குள் எவன் விளக்கு வைத்தான்?

"இந்தச் சுவத்துக்கு அக்கட்டால என்னங்?"
"ஒடிசாக்காரங்க ரூமுங்."

சன்னலில்லாத அறை,
பகலிலும் எரியும் குண்டு பல்பு.
சுவரில் விரல் நுழையாத விரிசல்,
அதன்மேல் மீசை வரைந்தது போல் கரி.
ரஸ்மிதா கதவோரம் தலையைப் பிடித்தபடி,
விடியாலயிருந்து வாந்தி.
"காத்துக்கு பயம்" என்றாள்,
எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.
பாயில் அவள் மகன் சிபு,
பதினொன்றரை மணிக்கும் தூக்கம்.

கன்னத்தில் தட்டினேன்.
மழுப்பினான்.
இன்னொரு தரம் தட்டினேன்.
மழுப்பினான்.

பொன்னுக்குட்டிதான் அள்ளிக்கொண்டு ஓடினார்,
செருப்பை விட்டுவிட்டு.
வேப்பமரத்தடிக் காற்றில் ஐந்து நிமிடமிருக்கும்,
வீறிட்டு அழுதான் பையன்.
என் வாழ்நாளில் கேட்ட
நெம்ப நல்ல சத்தம்.
தாயையும் மகனையும் ஏற்றிக்கொண்டு
கார் ஆஸ்பத்திரிக்குப் போனது.

பொழுதோட போன் வந்தது.
"பையன் பால் குடிச்சுட்டானுங்.
அவங்கம்மாவுக்கும் பரவால்லைன்னாங்க.
அவங்களுக்கு ஆபீஸ் ரூமை ஒழிச்சுக் குடுக்கச் சொல்லீட்டேன்."
கொஞ்சம் நிறுத்தி,
"சிம்னி வேலை எத்தனை நாளுங்?"
"மூணு."
"ரெண்டுல முடியாதுங்களா? பாவு நிக்குது."
"மூணுங்."
"செரி" என்றவர் வைக்கவில்லை.
"அந்த ரூம்ல பல்பு எரியுதுன்னு வாட்ச்மேன் சொல்றாரு.
அணைச்சரட்டுங்களா?"

"வேண்டாமுங். விட்டுருங்க.
நாளைக்கு உள்ளே பூசும்போது
அதை வெச்சுத்தான் தேடோணும்."